அசையாத நம்பர்

தள்ளி உட்காருங்க அக்கா. இந்த நண்டு செத்தது மாதிரிதான் கிடக்கும், கை கிட்டே போனால் கவ்விக்கொள்ளும். எனக்குப் பழக்கம். வலை கழித்துக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்காதீங்க. பத்து மணிக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். அதற்குள் ஒவ்வொரு நண்டாக நூலிலிருந்து பிரித்து ஐஸில் போடணும். கால் ஒடியாமல் பிரிக்கணும், அதுதான் வேலை. ஒரு கால் ஒடிந்தாலும் ஒடிசல் என்று தனியாகத் தள்ளிவிடுவான்.

நீங்க கடலையே பார்த்துக்கொண்டு இருக்கீங்க. பயப்படாதீங்க. எங்க வீட்டுக்காரர் கூட அவர் செய்த நீர்மூழ்கிக் கப்பலில் போயிருக்கிற உங்க கேமராத் தம்பிக்கு ஒன்றும் ஆகாது. மூணு பாகம் ஆழம்தான், பாதித் தென்னை உயரம்கூட இருக்காது. அந்தக் கல் கொட்டின வளைவு முனையில் நீலச் சட்டை போட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் பாருங்க, அவன் என் தம்பி ஜெபஸ்டின். இங்கே சங்கு குளிக்கப் போகிறவங்க கயிற்றைப் பெண்டாட்டியின் அண்ணன் தம்பி கையில்தான் கொடுப்பாங்க. கூடப் பிறந்தவள் தாலி என்று நினைத்தால் கை தளராதாம். எங்க வீட்டுக்காரர் இதுக்கும் அவனைத்தான் நிறுத்தியிருக்கார்.

ஆனால் இந்தக் கயிறு பேருக்குத்தான் அக்கா. மூணு டன் இரும்பை யார் இழுத்துத் தூக்குவது. எங்கே நிற்கிறது என்று தெரிய ஒரு கயிறு, பேசுவதற்கு ஒரு போன் வயர், அவ்வளவுதான் நமக்கு மேலே. ஏறி வரணும் என்றால் அவரே உள்ளேயிருந்து வால்வைத் திருகிக் காற்றை விட்டுத் தண்ணீரைத் தள்ளணும். உள்ளே காற்று எப்படி இருக்கு என்று காட்ட ஒரு நம்பர் உண்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நம்பர் ஏறினால் திருகிவிடுவார்.

போய் எவ்வளவு நேரம் ஆச்சு? உங்க வாட்ச்சைப் பாருங்க. இருபது நிமிஷமா. சரி. ஒரு மணி நேரம் இருப்போம் என்று சொல்லியிருக்கார்.

எனக்குப் பேசவே வராது அக்கா. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அடுப்படியோடு நின்றுவிடுவேன். ஆம்பிளைங்க நாலு பேர் நிற்கிற இடத்தில் என் வாய் ஒட்டிக்கொள்ளும். நீங்க பொம்பிளை, அதுவும் வந்ததும் தரையில் உட்கார்ந்தீங்க, அதனால்தான் பேசுகிறேன். முன்னாடி ஒரு பேப்பர்காரர் வந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன், என்னைப் பார்க்கக்கூட இல்லை. "தனி ஒருவனாக நீர்மூழ்கிக் கப்பல்" என்று போட்டாங்க. ஜெபஸ்டின்தான் வாசித்துக் காட்டினான். தனி ஒருவனாம். நான் எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் பேப்பரை மடித்து லேமினேஷன் போடக் கொடுத்துவிட்டார்.

இதை எழுதிறாதீங்க. சும்மா சொன்னேன்.

அவர் பேர் அமலதாஸ் என்று உங்களுக்குத் தெரியும். பதினேழு வயதிலிருந்து சங்கு குளித்தவர். வாயில் டியூபைக் கடித்துக்கொண்டு கீழே போனால் மேலே வள்ளத்தில் கம்பரசர் ஓடும், அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு அடித்தரையில் நடந்து சங்கு பொறுக்குவாங்க. எங்க கல்யாணம் முடிந்த மறு வருஷம் காதில் ரத்தம் வந்தது, முட்டியெல்லாம் பிடித்துக்கொண்டது. இனிமேல் தண்ணீருக்குள் இறங்கினால் எழுந்து நடக்க மாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெல்டிங் பட்டறை வைத்தார். ஆனால் மனுஷன் மனுஷனாக இல்லை. சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். "ஏட்டி, கீழ எப்படி இருக்கும் தெரியுமா, அங்க யாரும் யார்ட்டயும் பேச வேண்டாம்" என்பார். எனக்கு அது பிடித்த இடமாகத்தான் தோணும்.

அப்புறம் ஒரு நாள் லாரியில் பழைய கேஸ் டேங்க் ஒன்று வந்து இறங்கியது. ஊரே சிரித்தது. "என்ன அமலதாசு, ஊருக்கே சமையல் கேஸ் விடப்போறியா" என்று கேட்டாங்க. அவர் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒன்றரை வருஷம் வெட்டினார், ஒட்டினார். கண்ணாடி வைத்தார், மூடி வைத்தார். நெருக்கினால் ரெண்டு பேர் உட்காரலாம். பாப்பா பேரைப் பெயிண்டில் எழுதினார். ரியானா. அந்தப் பேர்தான் கடைசியில் தண்ணீருக்குள் போனது, பார்த்தீங்களே.

இரும்பு வேலை எல்லாம் அவர் செய்ததுதான். நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயர்?

அவருக்குத் தோள் அகலம். சீட்டுக்குப் பின்னால் ஒரு முழம் சந்து இருக்கு, கம்ப்யூட்டருக்குப் போகிற வயர் எல்லாம் அதற்குள்தான் ஓடணும். அவர் கை முட்டியோடு நின்றுவிடும். விரலும் அந்த வியாதிக்குப் பிறகு நடுங்கும். மூணு நாள் முயற்சி பண்ணிவிட்டு ஸ்குரூ டிரைவரை எறிந்தார். அன்றைக்கு நான் இதே மாதிரி வலை கழித்துக்கொண்டிருந்தேன். என் கையையே பார்த்தார். "ஏட்டி, இங்க வா" என்றார். அப்படித்தான் ஆரம்பம்.

நான் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் அக்கா. அந்த போர்டு தீப்பெட்டி அளவு இருக்கும், அதில் எறும்பு மாதிரி இங்கிலீஷ் எழுத்து. எனக்கு எதுவும் தெரியாது. அதனால் நூல் கட்டினேன். ரவிக்கை தைக்கிற நூல். அடியில் தண்ணீர் கசிந்தால் சொல்கிற சென்சாருக்குச் சிவப்பு. எத்தனை அடி ஆழம் என்று சொல்வதற்கு நீலம். மூச்சுக்காற்று கெட்டுப்போனால் சொல்கிறதுக்கு மஞ்சள். அவர் போனில் படத்தைப் பார்த்து "சிவப்பு மூணாவது ஓட்டைல" என்பார், நான் சொருகிப் பற்றவைப்பேன். ஈயம் உருகி ஒரு முத்து மாதிரி உட்காரும். ஒன்றுகூட ஒட்டாமல் போனது இல்லை. நண்டுக்கால் ஒடியாமல் எடுக்கிற கைக்கு அது என்ன பெரிய வேலை. கம்ப்யூட்டரைத் திறந்தால் மூணு நம்பர் வந்து நின்றது. அவர் என் தலையில் கை வைத்தார். அவ்வளவுதான்.

இந்த மஞ்சள்தான் எங்களுக்குள்ளே சண்டை மூட்டியது.

அது எப்படி என்றால், வெளியில் வைத்தால் நானூறு காட்டும். மூடியைப் பூட்டி உள்ளே உட்கார்ந்தால் மெல்ல மெல்ல ஏறும். ஐயாயிரம் வந்தால் கம்ப்யூட்டர் கத்தும். விட்ட மூச்சில் இருக்கிற கெட்டதை உறிஞ்சுவதற்கு ஒரு தட்டில் வெள்ளைத் தூள் வைத்திருக்கார், அதன் மேலே ஒரு ஃபேன் ஊதும். ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கிற மெஷினுக்குப் போடுகிற தூளாம். ஒரு ஆளுக்குக் கணக்குப் போட்டுத்தான் வாங்கினார். அது போக ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர்.

அவர் மட்டும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரமானாலும் கத்தாது. நான் வயரைச் சரிபார்க்க உள்ளே போனால் அரை மணி நேரத்தில் கத்திவிடும். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. "நான் இருந்தா சும்மா கிடக்கு, நீ கை வச்சா கத்துது. லூஸ் கனெக்சன். மனசு எங்கட்டி இருக்கு உனக்கு" என்றார். பிரித்துப் பிரித்துத் திரும்பப் பற்றவைத்தேன். திரும்பவும் கத்தும். லோக்கல் டிவிக்காரங்க வந்த அன்றைக்கும் கத்தியது. எல்லாரையும் வைத்துக்கொண்டு, "வீட்டம்மா குடுத்த கனெக்சன், அதான் கத்துது" என்று சிரித்தார். அவங்களும் சிரித்தாங்க. நான் மூடிக்குள்ளேயிருந்து தலையை நீட்டினவள் அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டேன். அவங்க போகிற வரைக்கும் வெளியே வரவில்லை. பேர் போடலை என்றால் போகட்டும், தப்புக்கு மட்டும் என் பேரா.

மாமியார் வேறு. "பொம்பள கால் பட்ட வள்ளம் உருப்பட்டிருக்கா? இவ பால் குடுக்கிற புள்ளையோட உள்ள போய் உக்காருதா. அது கத்தாம என்ன செய்யும்" என்பாங்க. அவர் முதலில், "எம்மா, இது சயின்ஸு, சும்மா இரி" என்று அதட்டினார். நாலாவது தடவை கத்தினபோது அதட்டவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்கும்தான் அக்கா, ராத்திரி படுத்தால் என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நம்ம உடம்பில்தான் ஏதாவது இருக்குமோ என்று.

இந்தக் கூடையைக் கொஞ்சம் நகர்த்துங்க. ஆங், போதும்.

மணி என்ன ஆச்சு? முப்பதா. சரி.

அப்புறம் நான் ஒரு வேலை செய்தேன். யாருக்கும் தெரியாது. உங்களிடம்தான் சொல்கிறேன். தம்பிக்குக்கூடத் தெரியாது.

அந்த மஞ்சள் நூல் கட்டின சென்சார் டப்பா சீட்டுக்குப் பின்னால், தலைக்கு நேராக இருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். அது நல்ல காற்றைத்தானே கேட்கிறது. நல்ல காற்று எங்கே வருகிறது? ஆக்சிஜன் சிலிண்டர் வாயில். அதைக் கொண்டுபோய்ச் சிலிண்டர் குழாய் முனையில் வைத்துக் கட்டிவிட்டேன். சந்துக்குள்ளே, அடியில். அவர் கை அங்கே போகாது, கண்ணுக்கும் தெரியாது. மேலே டேப் சுற்றிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் நானும் அவரும் பாப்பாவோடு பூட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். நானூற்றி இருபது. அரை மணி நேரம் ஆச்சு, நானூற்றி இருபது. ஒரு மணி நேரம் ஆச்சு, அசையவில்லை. அவர் அந்த நம்பரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "பாத்தியா, இப்பத்தான்டி உருப்படியா ஒரு கனெக்சன் குடுத்திருக்க. என்ன செஞ்ச?" என்றார். "திரும்பப் பத்தவச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

பொய்தான். ஆனால் அந்த மனுஷன் ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறார். எப்படி அக்கா வாயைத் திறப்பேன்? அதற்குப் பிறகு மாமியாரும் குத்திப் பேசுவதை நிறுத்திவிட்டாங்க. அன்றைக்கு நான் நல்லாச் சாப்பிட்டேன்.

இன்னொரு அதிசயம் கேளுங்க. எங்க பாப்பா பகலில் கண்ணை மூடவே மூடாது. தொட்டிலில் போட்டாலும் அழும், தோளில் போட்டாலும் அழும். அந்தக் கப்பலுக்குள்ளே உட்கார்ந்தால் அப்படித் தூங்குகிறாள். அசைத்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். அவர் சொன்னார், "கடல்காரன் புள்ள, பாரு, அதுக்கு இதுதான் தொட்டில்" என்று. வெளியே தூக்கிக்கொண்டு வந்ததும் குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டாள். பெயிண்ட் வாடை பிடிக்கலை போல. எனக்கும் தலை இடிக்கும், நெற்றிப்பொட்டில் சுத்தியல் வைத்து அடிக்கிற மாதிரி. அவருக்கும் இருந்திருக்கும், சொல்ல மாட்டார்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீங்க?

இதையும் எழுதிறாதீங்க அக்கா. அவருக்குத் தெரிந்தால் அசிங்கமாகிவிடும்.

என்ன கேட்டீங்க? அது கத்தின நாளெல்லாம் உள்ளே எத்தனை பேர் இருந்தோம் என்றா? அதுதான் சொன்னேனே, நான் போனால்தான் கத்தும். நான் போனால் அவரும் இருப்பார், கம்ப்யூட்டர் அவர் மடியில்தானே இருக்கும். பாப்பா என் மடியில். டிவிக்காரங்க வந்த அன்றைக்கும் அப்படித்தான், அவர் உள்ளே இருந்துதான் மூடியைத் திறந்து சொன்னார்.

நான் இல்லாமல் ரெண்டு ஆம்பிளைங்க இருந்து கத்தியிருக்கா என்றா? இல்லையே. இல்லை, இருங்க. ஒரு நாள் ஜெபஸ்டினும் அவரும் உள்ளே உட்கார்ந்து சீட்டு விளையாடினாங்க. மழை பெய்தது அன்றைக்கு. நான் பாப்பாவுக்கு ஊசி போட ஹெல்த் சென்டருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் இவன் சொல்கிறான், "அக்கா, உன் மஞ்ச நூலு எங்களையும் பாத்துக் கத்திட்டுல்லா, ஆட்டமே கலஞ்சு போச்சு" என்று. நான் இல்லை அன்றைக்கு. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்ப அது என்னைப் பார்த்துக் கத்தலை.

அவர் தனியாக இருந்தால் கத்தாது. நானும் அவரும் இருந்தால் கத்தும். தம்பியும் அவரும் இருந்தாலும் கத்தும். அந்தத் தூள் ஒரு ஆளுக்குத்தான். ஒரு ஆள் விடுகிற மூச்சைத்தான் அது தின்னும். இன்னொரு ஆள் மூச்சு எங்கே போகும்? அது சும்மா அதற்குள்ளேயேதான் கிடக்கும், மறுபடியும் நாங்களே அதை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாப்பா தூங்கினது அதனாலா அக்கா? தலை இடித்தது அதனாலா?

லூஸ் கனெக்சன் இல்லை. என் கனெக்சன் சரியாகத்தான் இருந்திருக்கு. முதல் நாளிலிருந்து சரியாகத்தான் இருந்திருக்கு. அது உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கு. நான்தான் அதன் வாயைக் கட்டிக் கொண்டுபோய் நல்ல காற்று வருகிற மூலையில் உட்கார வைத்துவிட்டேன். இனி அது எப்பவும் நானூற்றி இருபதுதான் காட்டும். உள்ளே மூச்சே இல்லாமல் போனாலும் நானூற்றி இருபதுதான்.

இன்றைக்கு ரெண்டு பேர்தானே போயிருக்காங்க? உங்க தம்பியும் அவரும். உங்க தம்பி நல்லா வாட்டசாட்டமாக வேறு இருக்கார்.

மணி பாருங்க அக்கா. நாற்பத்தஞ்சா? நாங்க ஒரு மணி நேரம் இருந்தும் நடந்து வெளியே வந்தோமே. வந்தோம். அப்ப ஒரு மணி நேரம் தாங்கும். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கார். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால் ஒன்றும் இல்லை. அவர் வந்ததும் நான் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறேன். நீங்களும் எழுத வேண்டாம். யாருக்கும் தெரிய வேண்டாம். பதினஞ்சு நிமிஷம்தான். என்ன அக்கா, அப்படிப் பார்க்காதீங்க.

யார் கூப்பிடுகிறது? ஜெபஸ்டினா? கையை ஆட்டுகிறான். இருங்க, காற்றில் சரியாகக் கேட்கலை.

"அக்கா, இங்க வா. அத்தான் போன்ல இருக்காவ, உன்ட்டப் பேசணுமாம்."

என்னிடமா? என்னலே, என்ன ஆச்சு?

"ஒண்ணும் இல்ல, வா. நம்பர் அசையவே இல்லையாம். நல்லா இருக்காம் காத்து. இன்னும் ஒரு மணி நேரம் கிடந்துட்டுதான் வருவோங்காவ. கேமராக்காரருக்குத் தலைய வலிக்காம், பழக்கம் இல்லல்லா, சாஞ்சு படுத்துட்டாராம். அத்தான் ஒரே சிரிப்பு. இந்தக் கனெக்சன் முழுக்கக் குடுத்தது என் வீட்டுக்காரிதான், அவ பேரச் சொல்லு எல்லார்ட்டயும்ங்காவ. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், இங்க எல்லாருக்கும் கேக்குது. வெக்கப்படாம வா, ஒரு வார்த்த பேசிட்டுப் போ."

கேட்டீங்களா அக்கா. என் பேரைச் சொல்கிறார். அத்தனை பேர் முன்னால் என் பேரைச் சொல்கிறார்.

எல்லாரும் இங்கே திரும்பிப் பார்க்கிறாங்க. ஊர்த் தலைவர் நிற்கிறார், பங்குச் சாமியார் நிற்கிறார், மாமியாரும் நிற்கிறாங்க. கை வேறு நாறுகிறது. இந்த வலையைப் பிடிங்க, பாதியில் இருக்கு, நண்டு போனால் போகட்டும், கால் ஒடிந்தாலும் ஒடியட்டும். அவர் சிரிக்கிறார் என்று சொன்னான் இல்லையா? சிரித்தால் முழிப்பாகத்தான் இருக்கார். முழிப்பாக இருந்தால் வால்வைத் திருகத் தெரியும். பேச எனக்கு வராது அக்கா, ஆனால் ரெண்டு வார்த்தைதானே, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறேன். இந்தா வாறேன்லே, போனை வைக்கச் சொல்லாதே, வைக்கச் சொல்லாதே. கொடுலே போனை, எல்லாரும் கேட்டால் கேட்கட்டும். என்னங்க, அந்த நம்பரைப் பார்க்காதீங்க, இப்பவே திருகி மேலே வாங்க, அந்த டப்பாவை இடம் மாற்றினது...